வெள்ளிக்கிழமை மாலை பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும்?

(பெற்றோர், ஆசிரியர் கூட்டம் ஒன்றில் குடும்ப நல வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'மணமுறிவும் குழந்தைகளும்' என்று போட்டிருக்கிறீர்கள். மணமுறிவைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் குழந்தை விஷயம் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். முடித்து வைத்தது நீதிபதி அல்ல. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வீட்டில் இருக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களே முடித்து வைத்திருக்கும். குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள் என்ற முறையில் இதைவிட முக்கியமாகச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. அதனால் இன்று இதையே சுற்றிச் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சென்னையில் ஒரு வீட்டில் சண்டை முற்றுகிறது. மனைவி மூன்று வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்" என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை கணவர் பஸ் ஏறிப் போகிறார். மாமனார் வாசலில் நிறுத்திவைத்தே பேசுகிறார். அவமானம். மறு வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் போகிறது. இதே கதை தலைகீழாகவும் நடக்கும். பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு மருமகளை மட்டும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதற்குள் நான் இப்போது போகவில்லை. இரண்டு கதையிலும் நடந்தது ஒன்றுதான். பிள்ளை எங்கே இருக்கும், மற்றவரை எப்போது பார்க்கும் என்பதை யாருமே உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அதுவாக நடந்தது; அப்படியே நிலைத்துவிட்டது.

பிறகு மனு. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும் என்கிறது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம். வழக்கமாக வசிக்கும் ஊர் சென்னையா, திருச்சியா? அதற்கே ஒரு வாதம். நோட்டீஸ், எதிர்மனு, கவுன்சிலிங், மீடியேஷன், சாட்சி, குறுக்கு விசாரணை, நடுநடுவே வாய்தா. வழக்குப் பட்டியலில் எண் அப்படியே இருக்கும். பிள்ளை அப்படியே இருக்காது. எல்.கே.ஜி. போகும், யு.கே.ஜி. போகும், ஒன்றாம் வகுப்பில் புதிய சிநேகிதி கிடைப்பாள். கடைசியில் "மகளை என்னிடம் ஒப்படையுங்கள்" என்று தந்தை வாதிடும்போது, நீதிபதி முன்னால் நிற்பது திருச்சிப் பள்ளியில் படிக்கும், திருச்சித் தெருவில் விளையாடும், பாட்டி மடியில் தூங்கிப் பழகிய ஒரு குழந்தை. அதைப் பிடுங்கி நட நீதிபதிக்கு மனம் வராது. வரவும் கூடாது. ஆனால் தந்தை தோற்றது அன்றைக்கு இல்லை. வாசலோடு திரும்பிவந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம், போகாமல் இருந்தாரே, அன்றைக்கு.

சட்டத்திலேயே இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 26ஆவது பிரிவு, வழக்கு நடக்கும்போதே குழந்தைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி பற்றி இடைக்கால உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2001இல் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. பராமரிப்பு, கல்விக்கான மனுவை நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். பணத்துக்கு 60 நாள். பிள்ளை யாரோடு இருக்கும், யாரைப் பார்க்கும் என்பதற்கு அந்தத் திருத்தத்தில் கெடு எதுவும் இல்லை. எது அவசரம் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"சட்டப்படி பிள்ளை யாருக்கு?" என்று கேட்காமல் யாரும் என் அறையை விட்டுப் போனதில்லை. ஆகவே அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம், தந்தையை இயற்கைக் காப்பாளர் என்கிறது. அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. இஸ்லாமியரில் ஹனஃபி மரபுப்படி மகன் ஏழு வயதுவரையும் மகள் பூப்படையும்வரையும் தாயின் வளர்ப்பில் இருப்பார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. ஐந்து வயது முடிந்த மறுநாள் பிள்ளை தானாகவே அப்பாவுக்குப் போய்விடும் என்று நம்பிக்கொண்டு காலண்டரைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அப்படி எதுவும் நடக்காது. எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும் நீதிமன்றம் கடைசியில் வந்து நிற்கும் இடம் குழந்தையின் நலன். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தம்பதியின் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973லேயே சொல்லிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் மனுக்களில் பிள்ளையின் பெயர், நகைப் பட்டியலுக்கு அடுத்த பத்தியில் வருகிறது.

சரி, உத்தரவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன எழுதியிருக்கும்? "மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை நீதிமன்ற வளாகத்தில்" என்பது போல ஒரு வரி. அந்தச் சந்திப்பைப் பார்த்திருக்கிறீர்களா? தந்தை கையில் பெரிய கரடி பொம்மை, சிப்ஸ் பாக்கெட், புதுச் சட்டை. தாயோ தாய்மாமனோ பத்தடி தள்ளி நின்றபடி கைப்பேசியில் நேரம் பார்க்கிறார்கள். தந்தை "சாப்ட்டியா?" என்கிறார். பிள்ளை தலையாட்டுகிறது. "ஸ்கூல் எப்படி இருக்கு?" தலையாட்டல். அதற்கப்புறம் பேச ஒன்றும் இல்லை. செல்போனில் ஒரு கார்ட்டூனைப் போட்டு இருவரும் பார்க்கிறார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஒரு பிள்ளையோடு பழக்கம் உண்டாவது குளிக்க வைக்கும்போது, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும்போது, காய் ஒதுக்கினால் திட்டும்போது. பெஞ்சில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. வன்முறை, குடி, கடத்திப்போகும் பயம் என்று நிஜமான காரணம் இருந்தால் நீதிமன்ற வளாகச் சந்திப்பு தேவைதான். காரணம் இல்லாமல், "பாதுகாப்புக்கு" என்று கேட்டு வாங்குவது, பெற்றவரை உறவினர் நிலைக்குத் தள்ளும் வேலை.

2022இல் நம் உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, பிள்ளையைப் பார்க்க வரும் கணவரை விருந்தாளியாக நடத்தி மனைவி சிற்றுண்டி, சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று எழுதிய உத்தரவு செய்தியாயிற்று. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்கியது. நீக்கியது சரி என்பேன். பிரிந்துவிட்டவரிடம் உபசாரத்தை உத்தரவு போட்டு வாங்க முடியாது. ஆனால் அந்தத் தனி நீதிபதி எதைக் கண்டு வருந்தியிருப்பார் என்பதும் எனக்குப் புரிகிறது. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாசலில், நடுவே நிற்பது பிள்ளை.

ஆகவே நான் என்னிடம் வருகிறவர்களிடம் வாசலையே மாற்றச் சொல்கிறேன். ஒப்படைப்புக்குப் பள்ளியைவிட நல்ல இடம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அப்பா பள்ளியிலிருந்து அழைத்துப் போகட்டும். திங்கட்கிழமை காலை பள்ளியிலேயே விடட்டும். அன்று மாலை அம்மா வந்து கூட்டிப் போகட்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டாம். பிள்ளை ஒருவரிடமிருந்து பிடுங்கப்பட்டு இன்னொருவரிடம் தரப்படுவதாக உணராது. பள்ளிக்குப் போனது, பள்ளியிலிருந்து வந்தது, அவ்வளவுதான். இங்கே தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள். யார் யார் எந்தக் கிழமையில் அழைத்துப் போவார்கள் என்று இரு பெற்றோரும் கையெழுத்திட்ட ஒரு தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவலாளியிடமும் சொல்லுங்கள். கேட்டில் நடக்கும் பாதிச் சண்டை நின்றுவிடும்.

கிழமைகள் வயதுக்குத் தக்கபடி மாற வேண்டும். கைக்குழந்தைக்கு மாதம் ஒரு முழு நாள் என்பது பயனில்லாத ஏற்பாடு. அடுத்த மாதம் வரும்போது அது முகத்தை மறந்து அழும். "பாருங்கள், அப்பாவைக் கண்டாலே பயப்படுகிறது" என்று அந்த அழுகையையே சாட்சியாக்குவார்கள். சின்னக் குழந்தைக்கு வாரம் மூன்று முறை ஒரு மணி நேரம் என்பது மாதம் ஒரு நாளைவிட எவ்வளவோ மேல். பள்ளி வயதில் வார இறுதியும் விடுமுறையும். பதின்மூன்று, பதினான்கு வயதில் டியூஷன், கிரிக்கெட், சிநேகிதர்கள் வந்துவிடுவார்கள். அப்போது அட்டவணையைப் பிடித்துக்கொண்டு "என் சனிக்கிழமை" என்று வாதாடினால் பிள்ளை இருவரிடமிருந்தும் நழுவிவிடும்.

விடுமுறை என்றால் பொதுவாக எழுதாதீர்கள். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ் வருகிறது; அதை ஒட்டியே பொங்கலும் வந்துவிடும். கோடை விடுமுறையைச் சரிபாதியாகப் பிரித்தால் முதல் பாதி யாருக்கு என்று ஏப்ரலில் சண்டை வரும். ஒற்றைப்படை ஆண்டில் ஒருவர், இரட்டைப்படை ஆண்டில் மற்றவர் என்று இப்போதே எழுதிவிட்டால் அது இல்லை. தீபாவளிக்கும் அப்படியே. தீபாவளி காலை எண்ணெய்க் குளியல் ஒரு வீட்டில், மாலைப் பட்டாசு இன்னொரு வீட்டில் என்று ஒரே நாளைக் கிழித்துப் பங்கு போட்டவர்களும் உண்டு. பிள்ளைக்கு அன்று பண்டிகை இல்லை, பயணம்.

வெளிநாட்டில் எழுதிய மாதிரிப் படிவங்களில் வராத ஒன்று நம்மிடம் இருக்கிறது. சடங்கு. முதல் மொட்டை எந்தக் குலதெய்வக் கோயிலில்? காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் அத்தை வேண்டும், தாய்மாமன் சீர் வேண்டும். பெற்றவர்கள் பிரிந்தார்கள், அத்தையும் மாமனும் யாரிடமிருந்தும் பிரியவில்லை. ஆனால் பத்திரிகையில் யார் பெயர் போடுவது என்று தொடங்கி மண்டபத்தில் போலீஸ் வரை போன விஷயங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஊர் பார்க்க அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? இதற்கு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க முடியாது என்று நினைக்கிறார்கள். சமரச ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதலாம்: எந்தச் சடங்கானாலும் இருபுறத்தாருக்கும் முன்கூட்டியே தகவல், இருபுறத்தாரும் வரலாம், செலவு இன்னார். எழுதியிருக்கிறோம், நடந்திருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். "ஜீவனாம்சம் தரவில்லை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்." "பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தர மாட்டேன்." ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். இரண்டும் தனித்தனிக் கடமை. ஒன்றை வசூலிக்க மற்றதைப் பிணையாக வைக்கக் கூடாது. பணம் வரவில்லை என்றால் அதற்கு வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆவது பிரிவு. அந்த வழியில் போங்கள். பார்க்க விடவில்லை என்றால் அதற்கும் நிறைவேற்று மனு இருக்கிறது. பிள்ளையைத் தபால்காரராக்கும் பழக்கமும் இதோடு ஒட்டியதுதான். "அப்பாகிட்ட டேர்ம் ஃபீஸ் கட்டச் சொல்லு." "உங்கம்மாகிட்ட சொல்லு, நான் ஒண்ணும் பேங்க் இல்லைனு." எட்டு வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் சுமந்து போய், வழியிலேயே கொஞ்சம் மென்மையாக்கி, மறுபுறம் சொல்லும். அவ்வளவு சாமர்த்தியம் அந்த வயதில் வரவே கூடாது. பணம், உடம்பு, படிப்பு இந்த மூன்றைப் பற்றி மட்டும் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்ளட்டும். நலம் விசாரிப்பு கூட வேண்டாம்.

எல்லாருக்கும் இந்தச் சமரசம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அடி, உதை, பிள்ளைமீது பாலியல் அத்துமீறல், கட்டுக்கடங்காத குடி இருந்த வீட்டில் "பிள்ளைக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று சொல்வது குற்றத்துக்குத் துணை போவது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம்; எதிர்த்தரப்பு வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்கு என்று கருதினால் அதை மறுக்கவே வேண்டும். தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள். அதே மூச்சில் இன்னொன்றும்: வழக்கை வலுவாக்க இல்லாத பாலியல் புகாரை எழுதும்படி ஆலோசனை சொல்லும் என் சக வக்கீல்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு புகாருக்காக மருத்துவமனைக்கும் கவுன்சிலருக்கும் மாறி மாறி இழுக்கப்படும் பிள்ளைக்கு அந்த விசாரணையே காயம்.

நம் வீடுகளில் பிள்ளை பேசத் தொடங்கியதும் கேட்கிற முதல் கேள்வி எது? "உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" விவரமான பிள்ளை "ரெண்டு பேரும்" என்று சொல்லித் தப்பிக்கும், நாம் சிரிப்போம். பிரிந்த வீட்டில் அதே கேள்வி சிரிப்பில்லாமல் வருகிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டம், அறிவோடு விருப்பம் சொல்லும் வயதிருந்தால் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. அனுபவமுள்ள நீதிபதிகள் பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்து யாரைப் பிடிக்கும் என்று கேட்பதில்லை. காலையில் யார் எழுப்புவார்கள், மழைக்கு ஸ்கூல் லீவு விட்டால் யாரோடு இருப்பாய், பயந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்பார்கள். ஒப்பித்து வந்த பிள்ளை இந்தக் கேள்விகளில் தடுமாறும். "எங்கப்பா என் வாழ்வாதாரத்தைப் பாதித்தார்" என்று ஏழு வயதுப் பிள்ளை சொன்னால் அந்த வாக்கியத்தை எழுதியது யார் என்று யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து எழுதுவது? சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்து நாட்டில் முதலில் அமைந்தது. இன்று மாவட்டங்களிலும் உண்டு. குடும்ப நல நீதிமன்றத்துக்கே, தீர்ப்புக்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கடமை விதித்திருக்கிறது. இருவரும் ஒப்புக்கொண்டதை நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டால் அது உத்தரவாகிவிடும். வழக்கு போட்ட பிறகுதான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. பிரிந்த முதல் வாரத்திலேயே ஒரு தாளில், "நிரந்தர முடிவு வரும்வரை, யாருடைய உரிமைக்கும் பங்கமில்லாமல்" என்று தலைப்பிட்டு, இந்த இந்தக் கிழமை என்று எழுதிக் கையெழுத்திடலாம். அந்த ஒரு வரி இருந்தால் விட்டுக்கொடுத்தால் தோற்றுவிடுவோம் என்ற பயம் குறையும். பயம் குறைந்தால் மாமனார் கதவைத் திறப்பார்.

பிள்ளை பற்றிய உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். ஒருவருக்கு வேலை மாற்றம், மறுமணம், பிள்ளை பத்தாம் வகுப்பு வருவது, இவையெல்லாம் மாற்றம்தான். வெளிநாட்டு வேலை என்றால் கூடுதல் கவனம் தேவை. ஒரு நாட்டிலிருந்து பிள்ளையை எடுத்துப் போனால் திருப்பி அனுப்பும் 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. பிரிட்டனிலிருந்து தாயோடு கோயம்புத்தூர் வந்த இரு பெண் குழந்தைகளின் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த நாட்டு நீதிமன்றத்தின் முந்தைய உத்தரவுக்கு முதன்மை தந்தது. 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டும் என்றது. அமெரிக்காவில் ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பதிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. எழுதித் தந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றை டீ சாப்பிடும்போது பேசலாம். ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்: "மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள். மகன் துபாயில். பேரனை நாங்கள் பார்க்க வழி உண்டா?" ஐயா, தாத்தா பாட்டிக்கென்று தனியாகச் சந்திப்பு உரிமை தரும் சட்டப் பிரிவு நம்மிடம் இல்லை. சேர்ந்து வளர்க்கும் பொறுப்பைப் பரிந்துரைத்த சட்ட ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு 257ஆவது அறிக்கை தாத்தா பாட்டியோடு செலவிடும் நேரத்தையும் பேசியது, அது சட்டமாகவில்லை. காப்பாளர் சட்டத்தில் மனு போடலாம், நீதிமன்றம் நலன் பார்த்து அனுமதிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் மகனின் சந்திப்பு நாட்களில் அவர் ஊரில் இல்லாதபோது பிள்ளை உங்களோடு இருக்கலாம் என்று ஒரு வரியை அவருடைய ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மருமகளிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், வக்கீல் வேண்டாம், மகன் சார்பாகவும் பேச வேண்டாம். போகும்போது ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போகாதீர்கள். அன்று அவர்கள் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். ஒரு சாதாரண புதன்கிழமை சாயங்காலம், பள்ளி விட்ட பிறகு போங்கள்.